பன்னிரண்டு எண்ணும் வரை

அத்தியாயம் 7

வெர்தினி ஊர்க்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை எல்லோருமாகச் சேர்ந்து வாயை மூடுவார்கள். அதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்.

ஜூலை பதினான்காம் தேதி, தேவாலயத்தில், 'விடியல் கீதம்' பாதி வந்ததும் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். கூட்டம் எழுந்து நிற்கும். தொப்பி போட்டவர்கள் கழற்றுவார்கள். கண் கலங்கக் கூடியவர்கள் கலங்குவார்கள். பிறகு பாட்டு மறுபடி கிளம்பும். எல்லோரும் உட்கார்ந்து, போன வருடத்தைவிட இந்த வருட மௌனம் நன்றாக இருந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

இதற்கு மர்சியாக் மௌனம் என்று பெயர். கீதத்தை இயற்றிய தெயோதுல் மர்சியாக், புரட்சியில் மாண்டவர்களுக்காகச் சுரங்கள் போதாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டார் என்பது ஊரின் நம்பிக்கை. அவருக்குச் சிலை இருக்கிறது, தெரு இருக்கிறது. சதுக்கத்துக் கடையில் 'மர்சியாக் மௌனம்' என்று ஒரு சாக்லேட்டும் இருக்கிறது. கடித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதுதான் தத்துவம் என்றார்கள்.

அன்று ஜூன் கடைசி வியாழக்கிழமை. காலை ஒத்திகையை நானும் மதாம் கெர்வெலாவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். மௌனம் வந்தது. நான் எண்ணினேன். வேறு வேலை இல்லை.

"பன்னிரண்டு," என்றேன்.

"என்ன பன்னிரண்டு?"

"இந்த மேதை ஒண்ணுமே எழுதாம விட்ட இடம். சரியா பன்னிரண்டு எண்ணிக்கை. நான் பள்ளிக்கூடத்துல இதைவிடப் பெரிய இடமெல்லாம் எழுதாம விட்டிருக்கேன், மதாம். யாரும் எழுந்து நிக்கல."

மதாம் கெர்வெலா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருப்பதில் பல வகை உண்டு. ஆறு வருடத்தில் பாதியைத்தான் நான் தெரிந்து வைத்திருக்கிறேன். என் பெயர் பஸ்தியான். பதினெட்டு வருடம் பியானோ தூக்கினேன். முதுகு போன பிறகு இவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். துப்பறியும் தொழிலில் நான் சுமக்க வேண்டியது இவருடைய மௌனத்தை மட்டும்தான். சில நாட்களில் பியானோவே தேவலை என்று தோன்றும்.

எங்களை வேலைக்கு வைத்தவர் விழாக் குழுத் தலைவர் பெர்த்ராண் மர்சியாக். மேதையின் ஏழாவது தலைமுறை வாரிசு, எழுபது வயது. மேதை என்ற சொல் வரும்போதெல்லாம் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பதுபோல் லேசாகத் தலை குனிவார். எங்கள் வேலை எளிமையானது: சோலேன் பிதோ என்ற பெண் ஒரு மோசடிக்காரி என்று நிரூபிக்க வேண்டும்.

சோலேன் இந்த ஊர் இசைப் பள்ளியில் ஆசிரியை. தேவாலயத்து ஆர்கனைப் பழுது பார்த்தபோது, துருத்தி அறைப் பலகைக்குப் பின்னால் ஒரு பழைய காகிதக் கட்டைக் கண்டெடுத்தாள். விடியல் கீதத்தின் கையெழுத்துப் பிரதிகள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனித் தாள். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: பெரின் ஒபெர்த்தோ. புரட்சிக் காலத்தில் இங்கே ஆர்கன் வாசித்த பெண். ஊர்ப் பதிவேட்டில் அவளைப் பற்றி ஒரே வரி இருந்தது: 'இசை நகலெடுப்பவர், மணமாகாதவர், இறப்பு 1804.' கீதம் இவளுடையது, மர்சியாக் திருடிக்கொண்டார் என்று சோலேன் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் எழுதிவிட்டாள். அன்றிலிருந்து ரொட்டிக்கடையில் அவளுக்கு முந்தின நாள் ரொட்டிதான் கிடைக்கிறது.

பெர்த்ராண் மர்சியாக்கின் கட்சி இதுதான். ஒன்று, அந்தத் தாள்களை சோலேனே எழுதிப் பழசாக்கியிருக்கிறாள். இரண்டு, அவை உண்மையானவை என்றாலும் பெரின் வெறுமனே மேதையின் பாட்டைப் பார்த்து நகலெடுத்தவள். இரண்டும் ஒன்றையொன்று கடிக்கின்றனவே என்ற கவலை அவருக்கு இல்லை. மாலை நாலு மணிக்கு விழாக் குழு கூடுகிறது. சோலேனின் வேலை போகும், போலீஸில் புகார் போகும், தாள்கள் மர்சியாக் வீட்டுப் பெட்டகத்துக்குப் போகும். அங்கே போனது திரும்பி வந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

ஒத்திகை முடிந்ததும் அவரே எங்களை நோக்கி வந்தார்.

"எப்படி இருந்தது மௌனம்?"

"நல்லா கேட்டுது," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. உதவியாளர்களைப் பார்க்காமல் இருப்பது ஒரு வளர்ப்பு. "மதாம், நாலு மணிக்கு உங்க அறிக்கை வேணும். இழுக்காதீங்க. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல. நகலெடுக்கிறவளுக்கு சிலை வைக்கணும்னா, அப்புறம் பேனாவுக்கும் வைக்கணும்."

மதாம் கெர்வெலா தன் மடியில் இருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சோலேன் கண்டெடுத்தவற்றின் ஒளிநகல்கள். "முசியே மர்சியாக், மௌனம் வர்ற இடத்துல, ஒவ்வொரு தாள்லயும் பன்னிரண்டு சின்னக் கோடு போட்டிருக்கு. பாத்தீங்களா?"

"எண்ணிக்கைக்காக. வாசிக்கிறவன் தப்பு பண்ணக் கூடாதுன்னு."

"உங்க முன்னோர் பாரிஸ்ல அச்சடிச்ச புத்தகத்துல அந்தக் கோடு இல்லையே."

"மேதைகள் விரல் விட்டு எண்ண மாட்டாங்க, மதாம்."

"கோட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன அம்பு. எல்லாத் தாள்லயும். மேல பார்த்து."

"கிறுக்கல். நகலெடுக்கிறவங்களுக்குப் பொழுது போகணும்ல."

அவர் போன பிறகு மதாம் வெகுநேரம் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, தேவாலயத்தின் உச்சியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிலந்தி வலை. அதற்கு மேல் கோபுரம்.

"ஒண்ணுமில்லாத இடத்தை யாராவது இவ்வளவு கவனமா எண்ணச் சொல்வாங்களா, பஸ்தியான்?"

"நீங்க காபி கேட்டுட்டுக் காத்திருக்கும்போது நான் எண்ணுவேன்."

"ஏன் எண்ணுவே?"

"வரப்போறதால." சொல்லிவிட்டு நானே நிறுத்தினேன். "ஏதோ வரப்போகுதுன்னு தெரிஞ்சாத்தான் எண்ணுவோம்."

அவர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். "கோபுரத்துச் சாவி யார்கிட்ட?"

சாவி லுசெத்திடம் இருந்தது. தேவாலய வாசலில் மெழுகுவர்த்தியும் அஞ்சலட்டையும் விற்கும் அறுபது வயதுப் பெண். நாங்கள் போனபோது மேஜைமேல் துணி போர்த்திக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

"சாவியா? ரெண்டு மணிக்கு வாங்க."

"அவசரம்," என்றேன்.

"பசியும் அவசரம்தான். பன்னிரண்டுலேருந்து ரெண்டு வரைக்கும் இந்த ஊர்ல செத்தவங்களையே புதைக்கிறதில்ல. நீங்க உயிரோட இருக்கீங்க. போய்ச் சாப்பிடுங்க."

ஒரு பெண்ணின் வாழ்க்கை நாலு மணிக்கு முடியப் போகிறது, எங்களுக்கு இருப்பது நாலு மணிநேரம், அதில் பாதியை மதிய உணவு எடுத்துக்கொள்கிறது. புரட்சி அரசரைக் கவிழ்த்தது, திருச்சபையைக் கவிழ்த்தது, மாதங்களின் பெயரைக்கூட மாற்றியது. மதிய உணவு நேரத்தில் கை வைக்கத் துணியவில்லை.

சதுக்கத்து உணவகத்தில் ஓர் ஓர மேஜையில் சோலேன் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்னால் இருந்த பன்றித்தொடை இறைச்சியை முள்கரண்டியால் இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். மதாம் அனுமதி கேட்காமல் எதிரே உட்கார்ந்தார். நான் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க அவரோட ஆளுங்க," என்றாள் சோலேன்.

"அவர் கூப்பிட்டார், வந்தோம்," என்றார் மதாம்.

"சாப்பாடு முடியற வரைக்கும் நாங்க யாரோட ஆளும் இல்ல," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "என்ன கேக்கணுமோ கேளுங்க. நாலு மணிக்கப்புறம் இந்த ஊர்ல எனக்குப் பேச ஆள் இருக்காது. இப்பவே இல்ல. என் மாணவிங்க பதினோரு பேர்ல ஒன்பது பேர் நின்னுட்டாங்க. ஒருத்தியோட அம்மா சொன்னாங்க, பியானோ பொய் சொல்லக் கத்துக்கும்னு."

"இந்தக் கட்டுல எல்லா வாத்தியத்துக்கும் தாள் இருக்கா?" என்று கேட்டார் மதாம்.

"எல்லாம் இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன். ஒண்ணும் குறையல."

"மௌனத்துல எல்லாரும் சும்மா இருக்காங்க."

"ஆமா."

"எல்லாருமா?"

சோலேன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மதாம் அதற்கு மேல் பேசவில்லை. இது நான் தெரிந்து வைத்திருக்கும் வகை: எதிரே இருப்பவர் தானே போய்ச் சேரட்டும் என்று வழிவிடும் வகை. மேஜையில் ஈ ஒன்று என் ரொட்டியைச் சுற்றிவிட்டுப் போனது.

"தாள்ல வாசிக்காத ஒருத்தர்," என்றாள் சோலேன் மெல்ல. "சுரம் படிக்கத் தெரியாத ஒருத்தர். அந்த அம்பு."

"கோபுரத்துக்கு நீங்க எப்பவாவது ஏறியிருக்கீங்களா?"

"பிப்ரவரியில ஒரு தடவை. பழைய காகிதம் ஏதாவது கிடைக்குமான்னு. ஒரு அலமாரி, உள்ள ஒண்ணும் இல்ல. இருட்டு, புறா எச்சம். பத்து நிமிஷத்துல இறங்கிட்டேன்." அவள் முகம் மாறியது. "ஐயோ. அங்க ஏதாவது கிடைச்சா, நான் வச்சதுன்னு சொல்லிடுவாரே."

"சொல்வார்," என்றார் மதாம். "அதனால, நீங்க வச்சிருக்கவே முடியாததா ஒண்ணு கிடைக்கணும்."

கேட்க எளிதாக இருந்தது. நான் என் இறைச்சியை முடித்துவிட்டு அவளுடையதையும் முடித்தேன். வீணாக்குவது பிடிக்காது.

இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு லுசெத் கதவைத் திறந்தாள். நூற்றுப் பன்னிரண்டு படிகள். பியானோ தூக்கியவனுக்குப் படிகள் மேல் தனி வெறுப்பு உண்டு. எண்பதாவது படியில் நான் நின்றேன்.

"மதாம், இந்தக் கோபுரத்தைக் கட்டினவங்க கடவுள்கிட்ட போக ஆசைப்பட்டாங்க. எனக்கு அந்த அவசரம் இல்ல."

"பேசாம ஏறு. மூச்சு மிச்சமாகும்."

லுசெத் முன்னால் ஏறிக்கொண்டே கதை சொன்னாள். மேலே மூன்று மணிகள் இருந்தனவாம். பெரியவள் மார்கெரித், நடு உர்சுல், சின்னவள் கொலெத். இங்கே மணிகளுக்கு ஞானஸ்நானம் செய்து பெண் பெயர் வைப்பார்கள். ஊருக்கு ஒரு மணி போதும், மற்றதை உருக்கிப் பீரங்கி செய்ய வேண்டும் என்று 1793 கோடையில் பாரிஸிலிருந்து உத்தரவு வந்தது. செப்டம்பரில் வண்டியோடு வந்து உர்சுலையும் கொலெத்தையும் இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"திருப்பித் தரவே இல்ல," என்றாள் லுசெத், போன மாதம் நடந்ததைப்போல.

மணியடிப்பவர் நிற்கும் அறை கோபுரத்தின் நடுவயிற்றில் இருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகத் தேவாலயத்தின் உட்பகுதி முழுவதும் கீழே தெரிந்தது. பாடகர்கள் மூன்று மணி ஒத்திகைக்கு வந்துகொண்டிருந்தார்கள். கூரைப் பலகையில் மூன்று ஓட்டைகள். ஒன்றில் மட்டும் கயிறு தொங்கியது. மற்ற இரண்டையும் மரக்கட்டையால் அடைத்திருந்தார்கள்.

"இது மார்கெரித்தோட நாக்குல கட்டின கயிறு," என்றாள் லுசெத். "மோட்டார் கெட்டுப்போற அன்னிக்கு நான்தான் இழுப்பேன். மாசத்துல பாதி நாள்."

சோலேன் அலமாரியைச் சுட்டிக் காட்டினாள். அது அலமாரி இல்லை. பழைய கோபுரக் கடிகாரத்தின் இயந்திரப் பெட்டி. என்னைவிட உயரமான ஓக் மரப் பெட்டி. சுவரோடு ஒட்டி, நான்கு பெரிய திருகாணிகளால் தரையோடு பிணைத்திருந்தது. இயந்திரம் ஓடுவதை நிறுத்திப் பல காலம் ஆகியிருக்கும். முன்பக்கத்தில் பித்தளைத் தகடு: 'புரட்சியின் நூறாவது ஆண்டில் மர்சியாக் குடும்பத்தார் இவ்வூருக்கு அளித்தது, 1889.'

"மதாம்," என்றேன். "இங்க பாருங்க."

பெட்டியின் இடது ஓரத்துக்கு அருகே, அழுக்குக்கு அடியில், சுவர்ப் பூச்சில் ஆணியால் கீறிய வட்டங்கள் இருந்தன. என் கைக்குட்டையால் துடைத்தேன். பெரியது, சின்னது, நடுத்தரம், சின்னது, பெரியது. ஐந்து. அதற்கப்புறம் பெட்டி.

கீழே யாரோ வயலினுக்குச் சுருதி சேர்த்தார்கள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. நாங்கள் சாவி வாங்கிய செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பெர்த்ராண் மர்சியாக் நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் எழுபது வயதில் ஏறி வந்திருந்தார். கோபம் ஒரு நல்ல மின்தூக்கி. கையில் ஓர் உறை.

"மதாம், உங்களை எதுக்கு வேலைக்கு வச்சேன்?"

"கண்டுபிடிக்க."

"இந்தப் பொண்ணு பண்ணின மோசடியைக் கண்டுபிடிக்க. அவளையே கூட்டிக்கிட்டுச் சுத்த இல்ல." அவர் பார்வை சுவருக்குப் போனது. "அது என்ன?"

"வட்டம்," என்றேன். "அஞ்சு."

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பிரமாதம். பிப்ரவரியில இவ சாவி வாங்கினா. லுசெத், வாங்கினாளா இல்லையா?"

"வாங்கினா, முசியே பெர்த்ராண்."

"ஏறி வந்து ஆணியால கீறிட்டுப் போயிருக்கா. மணி, வட்டம், பழைய மர்மம். பாரிஸ் பத்திரிகைக்கு அடுத்த கட்டுரை ரெடி."

சோலேன் வாயைத் திறந்தாள். மதாம் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் மூடிக்கொண்டாள்.

மதாம் கெர்வெலா பெர்த்ராண் மர்சியாக்கைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நேரம் போனது. இந்த வகையை நான் நன்றாக அறிவேன். என்னிடம் இதைப் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் நான் செய்யாத தவறையும் சேர்த்து ஒப்புக்கொண்டிருக்கிறேன். மௌனத்தை விற்றுப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அதைத் தாங்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

"அஞ்சோட நின்னுபோச்சு பாத்தீங்களா," என்றார். "ஏன்? பெட்டி இருக்கு. இது நிஜமா பழசா இருந்தா பெட்டிக்குப் பின்னாலயும் போகணும். போகாது."

மதாம் பேசவில்லை.

"போகவே முடியாது. இது எங்க குடும்பம் வச்ச பெட்டி. 1889. அன்னிலேருந்து ஒரு விரக்கடை நகரல."

"நிச்சயமா?" என்றார் மதாம்.

"தரையில பாருங்க."

நான் முழங்காலிட்டுப் பார்த்தேன். திருகாணித் தலைகளின்மேல் தரையோடு சேர்த்துப் பூசிய பழுப்பு வண்ணம், எத்தனையோ அடுக்கு. எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. "யாரும் தொடல, மதாம். பதினெட்டு வருஷம் கனமான சாமானை நகர்த்தியிருக்கேன். நகர்த்தின சாமான் பொய் சொல்லாது. இது நகரவே இல்ல."

"கேட்டீங்களா," என்றார் பெர்த்ராண். "உங்க ஆளே சொல்றான்." அன்றுதான் முதன்முதலாக என்னைப் பார்த்தார். "கழட்டு. நகர்த்து. பின்னால வெறும் சுவர்னு லுசெத் பாக்கட்டும், நாலு மணிக்குக் குழுவுல வந்து சொல்லட்டும்."

"நீங்கதான் சொல்றீங்க," என்றார் மதாம்.

"நான்தான் சொல்றேன்."

பழைய தொழில் விட்டாலும் பழைய ஸ்பானரை நான் விடவில்லை. அது எப்போதும் என் பையில் கிடக்கும். வண்ணம் ஓடுபோல உடைந்து விழுந்தது. முதல் இரண்டு திருகாணிகள் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன. மற்ற இரண்டும் துருவில் முறிந்தன. பெட்டியைச் சாய்த்து ஒரு மூலையில் நிறுத்தித் திருப்பினேன். முதுகு தன் கருத்தைத் தெரிவித்தது. மேலே மார்கெரித் மூன்று மணி அடித்தாள். கீழே கீதம் தொடங்கியது.

பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவர் சுத்தமாக, வெளிறிப்போய் இருந்தது. வட்டங்கள் தொடர்ந்தன. சோலேன் விரலை வைத்து எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு. பன்னிரண்டு. அவற்றுக்குக் கீழே, எழுத்து அதிகம் பழகாத ஒரு கை, பெரிய பெரிய எழுத்தில் கீறியிருந்தது. மதாம் உரக்கப் படித்தார்.

'கீழே குடிமகள் பெரின் கைக்குட்டை ஆட்டும்போது முதல் வட்டம். பெரியது மார்கெரித், வலது கை. நடு உர்சுல், இடது கை. சின்னது கொலெத், கால். தப்பு விட்டால் அவளே மேலே ஏறி வந்து திட்டுகிறாள். இரண்டு முறை வந்துவிட்டாள். அவள் செய்த பாட்டு, அவள் சொன்னால் சரிதான். மணியடிக்கும் கூர்த்தோ, 14 ஜூலை 1793.'

பெர்த்ராண் மர்சியாக் ஒன்றும் சொல்லவில்லை. நான் எண்ணினேன். பன்னிரண்டைத் தாண்டி, இருபதையும் தாண்டியது. இருநூறு வருடத்தில் ஒரு மர்சியாக் சொந்தமாக உருவாக்கிய முதல் மௌனம் அதுதான்.

"அவர்," என்று தொடங்கினார். "தெயோதுல் அதுக்கு முன்னாலயே ஊருக்கு வந்திருக்கலாம். அவர்தான் பெரினுக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாம்."

"லுசெத்," என்றார் மதாம். "சிலைக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?"

லுசெத் கைகளைக் கட்டிக்கொண்டாள். "'1795 மார்ச் மூன்றாம் நாள் இவ்வூரில் முதன்முறையாகக் கால் வைத்தார்.' வருஷா வருஷம் மாலை போடுறோமே, முசியே பெர்த்ராண். நீங்கதான் போடுறீங்க."

"அவர் வந்தப்போ உர்சுலும் கொலெத்தும் போயி ஒன்றரை வருஷம் ஆயிருக்கு," என்றார் மதாம். அன்று அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு தொடங்கியது. "ஆர்கன் பக்கத்துல ஒரு கட்டுத் தாள் பாத்திருக்கார். நல்ல பாட்டு. பாத்து எழுதிக்கிட்டார். நடுவுல பன்னிரண்டு எண்ணிக்கை காலியா இருந்தது. ஏன்னு புரியல. கேக்கவும் முடியாது, கேட்டா மாட்டிப்பார். அப்படியே அச்சடிச்சார். பாரிஸ்ல யாரோ அழுதாங்க. அப்புறம் அது தத்துவம் ஆயிடுச்சு."

"கீழ இருந்ததையெல்லாம் எடுத்துக்கிட்டார்," என்றேன். "நூத்திப் பன்னிரண்டு படி ஏற மட்டும் சோம்பல். அந்த ஒரு விஷயத்துல எனக்கு அவர்மேல கோபமே இல்ல."

சோலேன் சுவரை விட்டு நகரவில்லை. "பெரின் 1804 வரைக்கும் இங்கதான் இருந்தா," என்றாள். "இவர் அச்சடிச்சது 1796. எட்டு வருஷம் அவ கீழ நின்னு கேட்டிருப்பா. எல்லாரும் ஒண்ணுமில்லாததுக்கு எழுந்து நிக்கும்போது, அவளும் கூட நின்னிருப்பா. அவளுக்கு மட்டும் மணி கேட்டிருக்கும்."

நான் ஸ்பானரை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"நாலு மணிக்கு நான் வரேன்," என்றாள் லுசெத். "சாவியோட. குழுவுல இருக்கிற எல்லாரும் ஏறி வந்து பாக்கட்டும். முந்தின நாள் ரொட்டி குடுத்தவளும் ஏறட்டும்."

மதாம் கையை நீட்டினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பெர்த்ராண் மர்சியாக் கையிலிருந்த உறையைச் சிறிது நேரம் பார்த்தார். உள்ளே சோலேனின் வேலைநீக்கக் கடிதமும் போலீஸ் புகாரும் இருந்தன என்று பிறகு தெரிந்தது. கொடுத்தார். மதாம் அதைப் பிரிக்காமல் இரண்டாகக் கிழித்து என் பையில் ஸ்பானருக்குப் பக்கத்தில் வைத்தார்.

பெர்த்ராண் ஜன்னலருகே போய் நின்றார். திடீரென்று வயதாகியிருந்தது. கீழே கீதம் ஏறிக்கொண்டே வந்தது. இனி ஐந்து வரிதான் என்றாள் சோலேன். மதாம் கயிற்றைக் காட்டினார். நான் எடுத்துக்கொண்டேன்.

"பெரிய வட்டம் எத்தனாவது?" என்று மதாம் கேட்டார்.

"ஒண்ணு, அஞ்சு, ஒன்பது, பன்னிரண்டு," என்றாள் சோலேன்.

"உர்சுலும் கொலெத்தும் இல்லையே," என்றாள் லுசெத்.

"அவங்க இடத்தை விட்டுடலாம்," என்றாள் சோலேன். "எதுக்கான இடம்னு இப்பத் தெரியும்ல."

பாட்டு நின்றது. கீழே நூறு பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஒத்திகை பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தொப்பிகள் இறங்கின. பெர்த்ராண் மர்சியாக் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உதறினார். கழுத்து வியர்வையைத் துடைக்கத்தான்.

"பஸ்தியான்," என்றார் மதாம். "கைக்குட்டை."

இழுத்தேன். மார்கெரித் தலைக்கு மேலே வாயைத் திறந்தாள். கோபுரம் முழுவதும் என் பற்களுக்குள் அதிர்ந்தது. இரண்டு, மூன்று, நாலு என்று சோலேன் உதட்டால் எண்ணினாள். ஐந்துக்கு மறுபடி இழுத்தேன். கைக்குட்டை பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது. பன்னிரண்டு.

நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பாட்டு மறுபடி கிளம்ப வேண்டிய இடம். கிளம்பவில்லை. இசை நடத்துனர் கோலை உயர்த்தியபடி மறந்துபோய் நின்றிருந்தார். யாரும் உட்காரவில்லை. முதல் வரிசையில் வயலின்காரர்கள், நடுவில் பாடகர்கள், பின்னால் ரொட்டிக்கடைக்காரி, எல்லோரும் தலையை நிமிர்த்தி, அந்த அம்பு காட்டிய திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.